மூடியைத் திறக்கலாமா? ஊமையான ஒரு பழைய ஹம்பக்கரைப் பேசவைத்த கதை

மல்டிமீட்டரில் 7.52 கிலோ ஓம் என்று எண் வந்து நின்றது, என் பழைய மின்கிட்டாரில் ஊமையாகிப் போன பிக்கப் மறுபடி உயிர் பெற்றதன் அடையாளம். அந்த எண்ணைப் பார்க்க எனக்கு நான்கு வார இறுதிகள் ஆயின, கணக்குப் பார்த்தால் பதினேழு மணி நேரம். நடுவில் செய்த தவறுகளில் ஒன்று கிட்டாரின் முதுகில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. போன வாரம் அந்தக் கிட்டார் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. நோட்டில் கிறுக்கி வைத்திருந்ததை எல்லாம் மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மஹோகனி உடல், அதன் மேல் வளைத்துச் செதுக்கிய மேப்பிள் பலகை, ஒட்டிய கழுத்து, இரண்டு ஹம்பக்கர் பிக்கப், நான்கு குமிழ். பிக்கப் என்பது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகம், அதில் காந்தத்தோடு இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள் (காயில்) வைத்து இரைச்சலைத் தணிக்கும் வகை ஹம்பக்கர். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. விற்றவர் 1974 என்றார். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசியது என்பதால், கூரியரில் வந்த பெட்டியை ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் அறையிலேயே வைத்தேன். குளிர்ந்து கிடக்கும் கிட்டாரைச் சட்டென்று வெதுவெதுப்பான அறையில் திறந்தால் மரம் ஒரு வேகத்திலும் லாக்கர் வேறொரு வேகத்திலும் விரியும், பூச்சில் மெல்லிய விரிசல்கள் ஓடிவிடும். பழைய கிட்டார்களில் சிலந்தி வலை மாதிரி தெரியும் விரிசல்களில் பல இப்படி வந்தவைதான். இதில் ஏற்கெனவே, உடலில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் கொஞ்சம் இருந்தது, புதிதாக ஒன்றையும் நான் சேர்க்க விரும்பவில்லை.

மறுநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வயதான நைட்ரோ பூச்சு அந்த வெளிச்சத்தில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் மறுபூச்சு போட்ட இடமும் ஒட்டுப் போட்ட இடமும் தனியாகக் கறுத்துத் தெரியும். தலைப்பகுதியின் பின்புறமும் கழுத்து உடலோடு சேரும் இடமும் ஒரே சீராக ஒளிர்ந்தன. இந்த வகைக் கிட்டார்களில் தலை உடைந்து ஒட்டியிருப்பது அவ்வளவு சகஜம் என்பதால் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான், அங்கே ஒன்றும் இல்லை என்றதும் பெரிய நிம்மதி. கீழ் விளிம்பில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கரும்புள்ளி, யாரோ தொட்டுப் பூசியிருக்கிறார்கள்.

பின்புறத் தகட்டைக் கழற்றியதும் குமிழ்களின் அடியில் உள்ள, திருப்பினால் மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர்களில் (சுருக்கமாகப் பாட்) எண் தெரிந்தது: 1377638. முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர், 137 என்றால் சிடிஎஸ். அடுத்த இரண்டும் ஆண்டு, கடைசி இரண்டும் வாரம். ஆக 1976-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். நான்கிலும் வாரம் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்ததே தவிர ஆண்டு மாறவில்லை, வயர்களை ஒட்டிவைத்த ஈயமான சால்டரும் யார் கையும் படாத மங்கல் சாம்பல் நிறத்தில் இருந்தது. அப்படியானால் இந்தக் கிட்டார் 1976 கடைசிக்கு முன் பிறந்திருக்க வழியில்லை. பின்னால் எப்போது வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம், ஏனென்றால் இந்த எண் பாகத்தின் வயதைத்தான் சொல்லும். ஃபெண்டர் கிட்டார் கம்பெனி 1966-இல் வாங்கிக் குவித்த பாட்களை அடுத்த சில ஆண்டுகள் வரை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்த கதை. விற்றவருக்கு இதைச் சொன்னேன், தானும் 1974 என்று கேட்டுத்தான் வாங்கியதாகச் சொன்னார், நம்பினேன். இப்படித்தான் ஒரு தவறான ஆண்டு மூன்று நான்கு கை மாறி உண்மையாகிவிடுகிறது.

வந்த புதிதில் இரண்டு பிக்கப்புமே பாடின. கழுத்துப் பக்கத்தில் மட்டும் அவ்வப்போது ஒரு கரகரப்பு. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அந்தப் பக்கம் ஓசை திடீரென்று மெலிந்தது. முழுக்க நின்றுபோயிருந்தால் உடனே புரிந்திருக்கும். நிற்கவில்லை, பழைய டெலிபோனில் பேசுகிற மாதிரி அடித்தொனியே இல்லாமல், தகர ஓசையாக, தூரத்தில் கேட்டது. நான் ஸ்விட்ச் அழுக்கு என்று முடிவுகட்டினேன். மூன்று நிலை ஸ்விட்சுக்கு காண்டாக்ட் கிளீனர் அடித்து நாற்பது ஐம்பது தடவை இழுத்துத் தள்ளினேன், கேபிள் சொருகும் ஜாக்கின் நாக்கை வளைத்தேன், குமிழ்களுக்குள்ளும் அடித்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க இதிலேயே போனது.

அன்றைக்கே மீட்டரை ஜாக்கில் வைத்துப் பார்த்திருந்தேன் என்பதுதான் வருத்தம். கேபிளைச் சொருகி, மறுமுனையில் அளந்தேன், வால்யூம் 10-இல். பிரிட்ஜ் பிக்கப் 7.6 கிலோ ஓம். ஸ்விட்சைக் கழுத்துப் பக்கம் தள்ளினால் 447. நோட்டில் “447??” என்று எழுதி இரண்டு கேள்விக்குறி போட்டுவிட்டு ஸ்விட்சைத் துடைக்கப் போயிருக்கிறேன். ஸ்விட்சில் தொடர்பே இல்லை என்றால் மீட்டர் எதையும் காட்டாது. 447 காட்டுகிறது என்றால் ஸ்விட்ச் ஒழுங்காக இருக்கிறது, 500 கிலோ ஓம் வால்யூம் பாட்டை மட்டும் மீட்டர் பார்க்கிறது, அதற்குப் பக்கத்தில் இணைந்திருக்க வேண்டிய பிக்கப் அங்கே இல்லவே இல்லை என்று அர்த்தம். காயில் எங்கேயோ அறுந்திருக்கிறது. அறுந்த இடத்தின் இரு முனைகளும் மின்தேக்கி மாதிரி நடந்துகொண்டு உச்ச ஒலிகளை மட்டும் கடத்திவிடுவதால்தான் அந்தத் தகர ஓசை. இதே அறிகுறி உங்களுக்கு வந்தால் துடைப்பதற்கு முன் அளந்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

அந்தச் சனிக்கிழமை இன்னொரு தவறும் நடந்தது. வேலை மேசையில் வழுக்காமல் இருக்க ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பு போட்டிருந்தேன், கிட்டாரை அதன்மேல் மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். எடுத்தபோது முதுகில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு இடங்களில் பளபளப்பு போய், விரிப்பின் முடிச்சு வடிவம் அப்படியே பதிந்திருந்தது. சில வகை ரப்பரிலும் வினைலிலும் இருந்து கசியும் பொருள் நைட்ரோ லாக்கரை இளக்கிவிடும் என்று ஸ்டாண்டுகளைப் பற்றிப் படித்திருக்கிறேன், மேசை விரிப்புக்கும் அதுதான் என்று தோன்றவில்லை. பாலிஷ் போட்டு எடுக்கப் பார்த்தால் இன்னும் மெலியும் என்பதால் அதைத் தொடாமல் விட்டேன். இப்போது பழைய பருத்தித் துண்டைத்தான் விரிக்கிறேன்.

சரி, பிக்கப். வெளியே எடுத்து அடியில் பார்த்தேன். உலோக மூடி அடித்தகட்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் தொழிற்சாலையில் வைத்த சால்டர் பொட்டு, தொடப்படாதது. இதில்தான் நான் பத்து நாள் நின்றுபோனேன்.

கிட்டார் வாங்கி விற்கிறவர்களுக்கு அந்த இரண்டு பொட்டுகள் ஒரு முத்திரை மாதிரி. இதற்கு வேர் 1950களில் இருக்கிறது. கிப்சன் கிட்டார் கம்பெனியில் இருந்த செத் லவர் ஹம்பக்கருக்கு 1955-இல் காப்புரிமை கேட்டு மனுப்போட்டார், 1959-இல்தான் கிடைத்தது. அந்த இடைக்காலத்தில் அடியில் ஒட்டிய ‘பேட்டண்ட் அப்ளைடு ஃபார்’ என்ற சின்ன ஸ்டிக்கரால்தான் பிஏஎஃப் என்ற பெயர். காப்புரிமை கிடைத்த பின்னும் 1962 வாக்கில் வரை அதே ஸ்டிக்கர் ஓடியது, பிறகு எண் போட்ட ஸ்டிக்கர் வந்தபோது அதில் இருந்த எண் பிக்கப்புக்கு உரியதே அல்ல, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் பெயரில் இருந்த, ஸ்ட்ரிங்குகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்கான காப்புரிமையின் எண். அறுபது எழுபதுகளில் வாசித்தவர்கள் ஓசை திறக்கும் என்று நிறைய மூடிகளைப் பெயர்த்து எறிந்துவிட்டார்கள். அதனால் இன்று திறக்காத மூடி என்றால் அதற்குத் தனி விலை. உள்ளே பாபின் (காயில் சுற்றிய பிளாஸ்டிக் சட்டம்) கறுப்பா கிரீம் நிறமா என்று பார்க்கக்கூட மூடியைத் தொடாமல், ஒரே ஒரு போல் ஸ்க்ரூவை வெளியே எடுத்து அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பார்கள்.

என்னுடையது 1970களின் பொருள், அந்த வரிசையில் வராது. ஆனாலும் ‘எல்லாம் ஒரிஜினல், யாரும் கைவைக்கவில்லை’ என்ற வரி எந்தக் கிட்டாருக்கும் விலையைத் தூக்கும். பெயர் பெற்றவர் கை என்றால் கணக்கே தலைகீழ். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் வாசித்த கறுப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டாரில் கழுத்து, பிக்கப், பிரிட்ஜ் என்று மாற்றாத பாகம் குறைவு. 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 39.75 லட்சம் டாலருக்குப் போனது. அவர் போட்ட ஓட்டை வரலாறு, நான் போட்டால் சேதம். எனக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. பிக்கப்பை அப்படியே பையில் போட்டு வைத்துவிட்டு வேறொரு புது பிக்கப் மாட்டுவது. நிபுணரிடம் அனுப்பி முழுக்க மறுசுற்று சுற்றுவது. நானே திறந்து அறுந்த இடத்தைத் தேடுவது. முதல் வழியில் முத்திரை தப்பும், ஆனால் அந்தப் பிக்கப் ஒரு உறையில் ஊமையாகவே கிடக்கும். இரண்டாவதில் ஐம்பது வருடப் பழைய செப்பு மொத்தமும் குப்பைக்குப் போகும். வாசிக்கத்தான் வாங்கினேன், திறப்பது என்று முடிவெடுத்தேன். திறப்பதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, அந்த சால்டர் பொட்டுகளை மட்டும் கிட்டத்தில் தனியாக எடுத்து வைத்தேன்.

கையில் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்னால் தொடங்கியது தவறு. அடித்தகடும் மூடியும் நிக்கல் சில்வர், மொத்த வெப்பத்தையும் குடித்துவிடுகிறது. ஈயம் உருகவே இல்லை, ஆனால் முப்பது நாற்பது விநாடியில் பிக்கப் முழுக்கச் சூடாகிவிட்டது. பழைய பாபின்கள் பியூட்டிரேட் பிளாஸ்டிக்காக இருக்கலாம், அது சூட்டில் எளிதாகக் கோணிக்கொள்ளும். நிறுத்திவிட்டு அகலமான உளிமுனை கொண்ட 80 வாட் அயர்ன் ஒன்றைக் கடன் வாங்கினேன். ஐந்து விநாடி வைப்பது, ஈயம் உறிஞ்சும் செப்பு வலையால் ஒற்றி எடுப்பது, இரண்டு நிமிடம் ஆறவிடுவது. ஒரு பொட்டுக்கு நான்கு சுற்று போதுமாக இருந்தது. மீதி ஒட்டிக்கொண்டிருந்ததை மெல்லிய கத்தியால் அறுத்தேன். மூடி ஒரு சின்ன ‘டிக்’ சத்தத்தோடு வந்தது.

உள்ளே இரண்டு கறுப்பு பாபின், நடுவே அடியில் இரண்டரை அங்குல நீளக் காந்தக் கட்டை, காயில்களைச் சுற்றிக் காய்ந்துபோன காகித டேப். ஸ்க்ரூ இருக்கும் காயில் 3.81 கிலோ ஓம். மற்றது, முடிவிலி. பாதி நல்ல செய்தி. காயிலில் இரண்டு முனை உண்டு: சுற்றத் தொடங்கும் முனை ஐயாயிரம் சுற்றுக்கு அடியில் புதைந்திருக்கும், அங்கே அறுந்திருந்தால் மறுசுற்றைத் தவிர வழியில்லை. முடியும் முனை வெளியே, டேப்புக்கு நேர் கீழே.

டேப்பை அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, முள்ளிடுக்கியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உரித்தேன். பத்து மடங்கு உருப்பெருக்கி, பக்கவாட்டில் இருந்து ஒரு விளக்கு. அங்கேதான் இருந்தது. தடித்த வெளிவயரோடு செப்புக் கம்பியைச் சுற்றி சால்டர் வைத்த இடத்தில், கடுகில் பாதி அளவுக்குப் பச்சைக் களிம்பு. சால்டர் ஒட்டுவதற்காகத் தடவிய பழைய ஃப்ளக்ஸின் அமிலமோ வியர்வையின் உப்போ ஐம்பது வருடமாகக் கம்பியைத் தின்றிருக்கிறது. அந்தப் பச்சையின் விளிம்பில் கம்பி முடிந்து, சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மறுபடி தொடங்கியது. முதலில் அந்த இரு முனைகளும் களிம்புக்குள் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்து, பிறகு முழுக்க விலகியிருக்க வேண்டும். வந்த புதிதில் ஏன் பாடியது, பிறகு ஏன் மௌனமானது என்பதற்கு விடை அந்த ஒரு மில்லிமீட்டர்.

கம்பியின் கனம் 0.063 மி.மீ., ஏறத்தாழ ஒரு தலைமுடி. அதன் இனாமல் பூச்சை நீக்கினால்தான் சால்டர் ஒட்டும். ஆயிரம் எண் உப்புத்தாளை மடித்து நடுவில் கம்பியை வைத்து ஒரே ஒரு முறை இழுத்தேன். அறுந்துவிட்டது. ஒரு சுற்றைப் பிரித்து மறுபடி முயன்றேன், மறுபடி அறுந்தது. அங்கேயே நிறுத்தி, அன்று கைவைக்காமல் எழுந்துபோனதுதான் இந்த வேலையிலேயே நான் செய்த உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை. இம்முறை அயர்ன் முனையில் ஒரு பெரிய ஈயத்துளியை உருட்டி வைத்து, கம்பி முனையை அந்தத் துளிக்குள் நான்கு விநாடி பிடித்தேன். மெலிதாகப் புகை, பூச்சு எரிந்த வாசனை, வெளியே எடுத்தால் செம்பு நிறம் போய் வெள்ளி நிறம். இது எல்லா இனாமலுக்கும் நடக்காது, பாலியூரித்தேன் வகைக்கு நடக்கும். என்னுடையது எந்த வகை என்று இதன் மூலம்தான் தெரிந்துகொண்டேன், முதலிலேயே இதைச் சோதித்திருந்தால் இரண்டு சுற்றுகள் மிஞ்சியிருக்கும். ஐயாயிரத்தில் இரண்டு மூன்று போவதால் ஓசையில் எதுவும் மாறாது. பச்சை பிடித்த பகுதியை முழுக்க வெட்டிவிட்டு, புது வெளிவயரில் கம்பியை ஐந்து முறை சுற்றி, தொட்டும் தொடாமலும் சால்டர் வைத்தேன். பிறகு கம்பியில் இழுவை விழாதபடி ஒரு சின்ன வளையமாகத் தளர்த்தி விட்டு, புது டேப் சுற்றினேன்.

மீட்டரில் 3.9. ஒரு நொடி சந்தோஷம், அடுத்த நொடி சந்தேகம். இரண்டு காயிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்க வேண்டியவை, இது ஏன் அதிகம்? பார்த்துக்கொண்டே இருந்தேன், எண் மெதுவாக இறங்கியது. 3.85, 3.8, கடைசியில் 3.71-இல் நின்றது. அயர்ன் சூடு. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். பத்து டிகிரி வித்தியாசத்தில் 7.5 என்பது 7.8 ஆகிவிடும். பழைய பிக்கப்களை விற்கும்போது 7.8, 8.1 என்று எண்ணைப் பெரிதாகப் போடுகிறார்கள், வாங்குகிறவர்களும் அதை வைத்தே ஓசையைக் கற்பனை செய்கிறார்கள். எந்த வெப்பத்தில் அளந்தது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இரண்டையும் தொடராக அளந்தேன்: 7.52. அறை வெப்பம் 27 டிகிரி, அதையும் நோட்டில் எழுதினேன்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். மூடியைப் போட்டு சால்டர் வைத்து, கிட்டாரில் மாட்டி, ஸ்ட்ரிங் கட்டி, ஆம்ப்ளிஃபையரை (ஆம்ப்) இயக்கினேன். கழுத்துப் பக்கம் தனியாக அருமை, வட்டமாக, தேன் மாதிரி. பிரிட்ஜ் தனியாக எப்போதும் போல. ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்தால் அடித்தொனி சுரண்டி எடுத்தது போல மூக்கடைத்த ஓசை.

இரண்டும் எதிர்க்கட்டத்தில் நிற்கின்றன, அதாவது ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றதன் சிக்னல் இறங்கி ஒன்றையொன்று அழிக்கிறது. காயிலை வேலை செய்ய வசதியாக அடித்தகட்டின் நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தியிருந்தேன், அப்போது காந்தக் கட்டை நழுவி மேசையில் விழுந்தது. எந்தப் பக்கம் எது என்று குறிக்காமல் திரும்பச் செருகியிருக்கிறேன். ஒரு திசைகாட்டியை இரண்டு பிக்கப்பின் ஸ்க்ரூ வரிசையின் மேலும் வைத்தேன். ஒரே ஆள் செய்த ஒரே மாதிரி பிக்கப்கள், இரண்டிலும் ஊசியின் ஒரே முனை இழுபட வேண்டும். ஒன்றில் வடக்கு இழுபட்டது, மற்றதில் தெற்கு.

இந்த மூக்கோசை மின்கிட்டார் உலகின் மிகப் பிரபலமான பழுதுகளில் ஒன்று. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வைத்திருந்த 1959 கிப்சன் லெஸ் பால் கிட்டாரின் நடுநிலையில் வரும் ஓசை இதுதான். கழுத்துப் பக்க பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்ததுதான் காரணம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அந்தக் கிட்டார் அவரிடமிருந்து கிட்டார் கலைஞர் கேரி மூருக்குப் போனது, பல பத்தாண்டுகள் கழித்து 2006-இல் மூர் விற்றார், 2014-இல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹேமெட்டிடம் வந்தது. இன்றும் அவர் அதை மேடையில் வாசிக்கிறார். மூன்று பேரும் அந்தக் காந்தத்தைத் திருப்பிப் போடவில்லை. இதை நினைத்துக்கொண்டே ஒரு மாலை முழுக்க நடுநிலையிலேயே மெதுவான புளூஸ் வாசித்தேன். வால்யூம்களை 10-க்கும் 7-க்குமாக வைத்தால் கொஞ்சம் உடம்பு திரும்புகிறது, நீளமான ஒற்றைச் சுரங்களில் அழுகிற மாதிரி ஒரு குணம். உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆனால் இந்தக் கிட்டார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அப்படி இல்லை, நான் வாங்கியபோதும் இல்லை. ஏற்கெனவே ஒரு முத்திரையை உடைத்திருந்தேன், ஓசையையும் மாற்றி வைக்க மனம் வரவில்லை. வயரை மாற்றிப் போட்டுச் சரிசெய்யவும் முடியாது, வெளியே உலோகப் பின்னலும் உள்ளே ஒற்றை வயரும் கொண்ட பழைய கேபிள் அது, மாற்றினால் பின்னலும் மூடியும் சிக்னல் பக்கம் வந்து இரைச்சல் பிடிக்கும். ஆக மறுபடி மூடியைத் திறந்தேன்.

காந்தத்தைத் திருப்பி, இம்முறை பென்சிலில் குறித்து, திசைகாட்டியில் சரிபார்த்து மூடினேன். அவசரத்தில் கிளாம்ப் போடாமல் கையால் அழுத்திப் பிடித்தே சால்டர் வைத்தேன், மூடிக்கும் பாபினுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்திருக்க வேண்டும். குறைந்த கெய்னில் எல்லாம் சுகம். ஆம்பின் கெய்னை 7-க்கு ஏற்றியதும் கீச்சென்று ஒரு விசில், ஸ்ட்ரிங்கை எல்லாம் கையால் அமுக்கினாலும் நிற்காத விசில். மூடி அதிர்கிறது. பிக்கப்பை முழுக்க மெழுகில் முக்குவது வழக்கமான மருந்து, எண்பது பங்கு பாரஃபின், இருபது பங்கு தேன்மெழுகு, 65 டிகிரிக்கு மேல் போகாமல். ஆனால் இந்த பிக்கப் பிறந்தபோது மெழுகில் முக்கப்படவில்லை. முக்காத காயிலில்தான் விரலும் பிக்கும் ஸ்ட்ரிங்கில் உரசும் சின்னச் சத்தங்கள்கூட ஆம்பில் வருகின்றன, அந்த உயிர்ப்பு எனக்கு வேண்டும். மூன்றாம் முறை திறந்து, மூடியின் உட்புறத்தில் மட்டும் உருகிய மெழுகை ஆறு சொட்டு விட்டு, மரத்துண்டுகள் வைத்துக் கிளாம்பால் இறுக்கி, மெழுகு மூடியையும் பாபின் தலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதும் சால்டர் வைத்தேன். விசில் போய்விட்டது. கெய்ன் 9-இல் ஆம்புக்கு முன்னால் நின்றால் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அது அந்தக் காலத்துப் பிக்கப்பின் இயல்பு.

பின்புறம் திறந்தே இருந்ததால் மற்றதையும் அளந்தேன். காயில் அறுந்த புண்ணியத்தில் கழுத்துப் பக்க வால்யூம் பாட்டை ஒரு சால்டரையும் கழற்றாமல் அளக்க முடிந்தது, அதுதான் அந்த 447. டோன் பாட்கள் இரண்டும் 412, 530. எல்லாமே 500 என்று போட்டவை, இருபது சதவீதம் முன்பின் என்பது தயாரிப்பிலேயே அனுமதித்த அளவு. டோன் மின்தேக்கி 0.022 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது, 0.024 காட்டியது. பழைய கிட்டாரின் ஓசைக்கு மரம் காய்ந்ததையும் காந்தம் களைத்ததையும் காரணமாகச் சொல்வார்கள். அல்னிக்கோ காந்தம் தானாக இழக்கும் வலு மிகக் குறைவு. அதே ஆண்டில் அதே மேசையில் செய்த இரண்டு கிட்டார்களில் ஒன்றில் 412-உம் மற்றொன்றில் 530-உம் வால்யூம் பாட்டாக விழுந்திருந்தால் முதலாவது சற்று மங்கலாகவும் இரண்டாவது சற்றுப் பளிச்சென்றும்தான் பிறந்திருக்கும். வயதுக்குக் கிடைக்கும் பாராட்டில் ஒரு பங்கு இந்தச் சின்னக் குமிழ்களுக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம். எதையும் நான் மாற்றவில்லை.

செலவு என்று பார்த்தால் டேப், மெழுகு, ஈயம், வெளிவயர் எல்லாம் சேர்ந்து ஒரு செட் புது ஸ்ட்ரிங்கின் விலையைத் தாண்டவில்லை. உருப்பெருக்கி ஏற்கெனவே இருந்தது, 80 வாட் அயர்ன் கடன். மறுசுற்றுக்குக் கொடுத்திருந்தால் நல்ல புது பிக்கப்பின் விலையில் பாதியாவது ஆகியிருக்கும். நேரம்தான் அதிகம், அதிலும் ஏழு மணி நேரம் என் தவறுகளைத் திருத்தப் போனது. அடுத்த முறை முதலில் ஜாக்கில் அளப்பேன். எதையும் தளர்த்துவதற்கு முன் காந்தத்தின் ஒரு பக்கத்தில் பென்சில் கோடு போடுவேன். மூடியை சால்டர் வைப்பதற்கு முன்பே தற்காலிகமாக மாட்டி நடுநிலை ஓசையைக் கேட்பேன். உப்புத்தாளை அந்தக் கம்பியின் பக்கமே கொண்டுபோக மாட்டேன்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் வாசித்தேன். பிறகு கைக்கு இன்னும் மெல்லிய கழுத்து வேண்டியிருந்ததால் கொடுத்துவிட முடிவு செய்தேன். ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினேன்: ஆண்டு 1976 கடைசி அல்லது அதற்குப் பின், கீழ் விளிம்பில் பழைய தொட்டுப் பூச்சு, முதுகில் ரப்பர் தடம் இரண்டு, கழுத்துப் பக்க பிக்கப் மூன்று முறை திறக்கப்பட்டது, என்ன செய்தேன், என்ன எண் வந்தது, எந்த வெப்பத்தில். விரல்பலகை இந்திய ரோஸ்வுட் என்பதையும் எழுதினேன். எல்லை தாண்டி எடுத்துப் போகிறவர்களுக்கு அது முக்கியம். ரோஸ்வுட் இனம் முழுவதும் 2017-இல், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறி, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில்தான் விலக்கு வந்தது. 1992-இலிருந்தே மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இன்றும் கிடையாது. திறப்பதற்கு முன் எடுத்த படங்களையும், பச்சை பிடித்த அந்தக் கம்பித் துண்டை ஒரு அட்டையில் ஒட்டியும், பெட்டிக்குள் ஸ்ட்ராப் வைக்கும் அறையில் போட்டேன்.

முதலில் வந்தவர் ‘மூன்று முறை’ என்ற வரியைப் படித்ததும் கிட்டாரைத் தொடாமலே போய்விட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை, அவர் தேடியது வேறு. இரண்டாவதாக வந்த இளைஞர் தாளை நின்றபடியே கடைசி வரை படித்தார், டார்ச்சால் தலையையும் கழுத்தையும் பார்த்தார், அட்டையில் இருந்த கம்பித் துண்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆம்பில் சொருகி ஸ்விட்சை நேராக நடுவில் வைத்து ஒரு கார்டு அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அண்ணா, காந்தத்தைத் திருப்பித்தான் போட்டீங்களா, இல்ல அப்படியே விட்டுட்டீங்களா?”

திசைகாட்டியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வரிசையின் மேலும் வைத்துப் பார்த்தார், ஊசியின் ஒரே முனை இரண்டிலும் இறங்கியது. நான் வாங்கியதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகப் பேசி முடித்தோம். கிளம்பும்போது தாளின் கீழே இன்னும் எழுத இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார், பாதிப் பக்கம் காலியாக இருந்தது.